போடிமெட்டு ஏற்றத்தில் சூடாகும் கார்: குறை மலையிலா, வண்டியிலா?

கேள்வி:

அண்ணே, வணக்கம். நான் பூப்பாறையில் இருக்கிறேன். சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் உண்டு. என்னிடம் இருப்பது ஒன்பது வருடமான சின்ன பெட்ரோல் கார், இதுவரை 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவை மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. திரும்பி வரும்போதுதான், மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியதும் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஓரங்கட்டி, ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, அரைமணி நேரம் விட்டு எடுத்தால் வீடு வந்து சேர்ந்துவிடும். போன வாரம் ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது தண்ணீர் பீச்சியடித்து மணிக்கட்டு வெந்துவிட்டது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்கிறார்கள். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். ஜீப் ஓட்டும் மாமாவோ, "மலை ஏறினா எல்லா வண்டியும் சூடாகத்தான் செய்யும்" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? அம்மாவை வைத்துக்கொண்டு ராத்திரியில் அந்த வளைவுகளில் நிற்கப் பயமாக இருக்கிறது.

— பூப்பாறை வாசகர்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

முதலில் உங்கள் மணிக்கட்டைப் பற்றிக் கேட்கிறேன். ஒரு வாரமாகியும் கொப்புளம் ஆறவில்லை, சீழ் வைக்கிறது என்றால் நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இனி நடக்கக் கூடாது. ஒருவேளை நடந்துவிட்டால் உடனே குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள். பற்பசை, இங்க், மாவு என்று எதையும் தடவாதீர்கள். நான் வேலை பழகிய காலத்தில் இதே மூடியைத் திறந்து முகம் வெந்த ஒரு பையனைப் பக்கத்தில் நின்று பார்த்தவன். அதனால்தான் காரைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்கிறேன்.

இப்போது மாமா சொன்னதற்கு வருகிறேன். வயதுக்கும் அனுபவத்துக்கும் உள்ள மரியாதையோடு சொல்கிறேன், அவர் சொல்வது சரியில்லை. போடியில் பட்டறை போட்டு 28 வருடமாகிறது. இந்த 17 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து இறங்கி வந்த வண்டிகளும், ஏற முடியாமல் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டிகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. நல்ல நிலையில் இருக்கும் கார், நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக, சித்திரை வெயிலில்கூட முள் நடுவில் நிற்க மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறிவிடும். அப்படி ஏறவில்லை என்றால் வண்டியில் ஏதோ குறை இருக்கிறது. சமவெளியில் அந்தக் குறை வெளியே தெரியாது, ஏற்றத்தில் தெரிந்துவிடுகிறது. மலையின் மேல் பழி போட்டால் அந்தக் குறையைத் தேட மாட்டோம், தேடாவிட்டால் ஒருநாள் என்ஜினின் தலைப்பகுதியான ஹெட் போய்விடும்.

ஏன் ஏற்றத்தில் மட்டும் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. என்ஜினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மீதி ஒரு பங்கு வெப்பத்தை ரேடியேட்டர்தான் வெளியே தள்ளியாக வேண்டும். போடியிலிருந்து மேட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது. அது முழுவதும் சில வளைவுகளுக்குள், அரைமணி, முக்கால் மணி நேரத்தில் எரிகிறது. அந்தக் கூடுதல் வெப்பத்தையும் ரேடியேட்டர் சுமக்க வேண்டும்.

தேனி ரோட்டில் 80-ல் போகும்போது முகப்பில் அடிக்கும் காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். வளைவுகளில் நாம் போவது 20, 30 கிலோமீட்டர் வேகம், அங்கே எதிர்காற்று கிடையாது. வெப்பம் கூடுகிறது, காற்று குறைகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் ஒன்றுதான் துணை. நீங்கள் இறங்கும்போது தொந்தரவு இல்லாததற்கும் இதுதான் காரணம். இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையே இல்லை.

அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஃபேனை. மாமாவின் பழைய ஜீப்பில் ஃபேனை பெல்ட் சுற்றும். என்ஜின் ஓடினால் ஃபேனும் ஓடும், அதில் ஒளிவு மறைவு இல்லை. உங்கள் காரில் கரன்ட் ஃபேன். தண்ணீர் ஏறக்குறைய 95, 100 டிகிரியைத் தொட்டதும் சென்சார் சொல்லி, ரிலே என்ற சுவிட்ச் கரன்டை இணைத்து, மோட்டார் சுற்ற வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் ஃபேன் நின்றுவிடும். சமவெளியில் ஓட்டும்வரை அது நின்றதே உங்களுக்குத் தெரியாது.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஏசியை நிறுத்திவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே 15, 20 நிமிடம் ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்த பிறகு ஃபேன் தானாகச் சுற்றி நிற்க வேண்டும், மறுபடி சுற்றி நிற்க வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சென்சாரையோ ரிலேயையோ பாருங்கள். இரண்டுக்கும் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ஒயர், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. ஒரு வேகம் மட்டும் போய்விட்டால், ஃபேன் சுற்றுவதைப் பார்த்து "அது நல்லாத்தான் இருக்கு" என்று ஏமாந்துவிடுவோம். சோதிக்கும்போது கையையோ துண்டையோ ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும் ஃபேன்கள் உண்டு.

ஃபேனுக்கு அடுத்து நான் பார்ப்பது ரேடியேட்டர் மூடி. ரொம்பப் பேர் இதை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்தே இதற்கு விளக்கம் சொல்லலாம். பூப்பாறையில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தால் போடியில் ஆவதைவிட நேரம் கூடுதலாகும், அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,300 மீட்டருக்கு மேல் இருக்கும் மேட்டில் அது 96 டிகிரிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் நம் என்ஜின் சரியாக ஓடும் சூடே 90 டிகிரி பக்கம். அப்படியானால் மேட்டை நெருங்க நெருங்க எல்லா வண்டியும் கொதித்துப் பொங்க வேண்டுமே? பொங்காமல் காப்பாற்றுவது அந்த மூடிதான். குக்கர் வெயிட் செய்யும் வேலையை அது செய்கிறது. அதன் மேலேயே 0.9, 1.1 என்று எண் அச்சிட்டிருக்கும். அந்த அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால், தண்ணீர் கொதிக்கும் சூடு 120 டிகிரி பக்கம் போய்விடுகிறது.

மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. ஒன்பது வருடத்தில் ரப்பர் இறுகியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது அழுத்தம் நிற்காது. சமவெளியில் எப்படியோ சமாளித்துவிடும். வளைவு ஏற ஏற ஒரு பக்கம் என்ஜின் சூடு கூடுகிறது, இன்னொரு பக்கம் தண்ணீர் கொதிக்க வேண்டிய அளவு இறங்கிவருகிறது, ஏழெட்டாவது வளைவில் இரண்டும் சந்தித்துவிடுகின்றன. நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. சில நூறு ரூபாய்ப் பொருள். பழைய மூடியில் உள்ள எண்ணையே பார்த்து, அதே அளவில் புதிது வாங்குங்கள். பெரிய எண் போட்டால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய ஹோஸ் வெடிக்கும். சில கார்களில் இந்த அழுத்த மூடி ரேடியேட்டரில் இல்லாமல் பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவின் மேல் இருக்கும். வேலை ஒன்றுதான்.

சரி, ஊற்றுத் தண்ணீர். உங்கள் பக்கத்து ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசி என்று எனக்குத் தெரியும். என்ஜினுக்கு அது மருந்தாகாது. போடியில் பெட்ரோல் பங்கில் பிடிக்கும் போர் தண்ணீர் அதைவிட மோசம். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு, வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்துவிடும். படிந்தபின் சூடு வெளியே போகாது, தண்ணீர் ஓடும் வழியும் குறுகிவிடும்.

தண்ணீருக்குப் பதில் ரேடியேட்டரில் ஊற்ற வேண்டிய கூலன்டை வெறும் பச்சைத் தண்ணீர், கம்பெனிக்காரன் காசு பிடுங்கும் வழி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் கிளைக்கால் என்ற திரவமும் துருவைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. கிளைக்கால் கொதிநிலையைச் சில டிகிரி கூட்டுகிறது. அதைவிட முக்கியமானது துரு மருந்து. அலுமினியம், இரும்பு, ரப்பர் எல்லாம் ஒரே தண்ணீரில் ஊறும் என்ஜினில், அந்த மருந்து இல்லாவிட்டால் உள்ளேயிருந்தே அரிப்பு தொடங்கிவிடும். நீங்கள் மூன்று மாதமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, இப்போது உள்ளே கூலன்ட் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். முழுவதையும் வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, புதிதாக நிரப்பியாக வேண்டும்.

அடர் கூலன்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்குங்கள். நாம் பேட்டரி தண்ணீர் என்று வாங்குகிறோமே, அதுதான். கலக்காமல் முழுக் கூலன்டை ஊற்றினால் இன்னும் குளிரும் என்று நினைப்பது தவறு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரைவிடக் கிளைக்கால் மட்டம். ஏற்கெனவே கலந்து விற்கும் கேன் என்றால் அப்படியே ஊற்றலாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த வகை, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று இருக்கும், அதைப் பாருங்கள். இன்னொன்று, வடித்த கூலன்டை ஓடையிலோ தோட்டத்து ஓரத்திலோ ஊற்றிவிடாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தை கையில் கிடைத்தால் சொல்லவே வேண்டாம்.

நிரப்பும்போது ஒரு சின்ன விஷயம். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் புதுக் கூலன்ட் போட்ட மறுநாளே முள் ஏறும். வண்டியின் முகப்பு உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து நிரப்பி ஓடவிட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்துவிடும். உங்கள் ஊரில் சரிவுக்கா பஞ்சம்?

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடுவது பற்றிக் கேட்டீர்கள். கழற்றவே கழற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. பழைய காலத்து வண்டிகளில் அப்படிச் செய்து பழகிய கை, இன்றைக்கும் அதையே செய்கிறது. அந்த வால்வுக்குள் மெழுகு இருக்கிறது. 82 முதல் 88 டிகிரி வாக்கில் மெழுகு இளகி விரிந்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறக்கும், ஆறினால் மூடும். வால்வு இல்லாவிட்டால் என்ஜின் எப்போதும் அரைச் சூட்டிலேயே ஓடும். கம்ப்யூட்டர் "என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது" என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் கொடுக்கும், மைலேஜ் போகும், ஆயில் கெடும். மார்கழி, தை மாதங்களில் மூணாறு பக்கம் புல்லில் உறைபனி படிகிற குளிரில் அந்த என்ஜின் சூடாகவே செய்யாது. அதோடு, சில என்ஜின்களில் அந்த வால்வுதான் சுற்றுவழியை அடைக்கும் கதவும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்க எடுத்த வால்வே சூட்டைக் கூட்டிவிடும்.

ஆனால் வால்வு பழுதாகிப் பாதி திறந்து நின்றுபோவது உண்டு, ஒன்பது வருட வண்டியில் அது நடக்கக்கூடியதுதான். கழற்றிய வால்வை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வாய் திறந்து, ஒரு விரல்நுனி நுழையும் அளவு விரிய வேண்டும். திறக்கவில்லை, அரைகுறையாகத் திறக்கிறது என்றால் புதிது போடுங்கள். அந்தப் பாத்திரம் அதற்கப்புறம் அடுக்களைக்குப் போகக் கூடாது.

ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் சொல்வது ஒருவேளை சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் வெளிப்பக்கம் பாருங்கள். முன்னால் ஏசி கண்டன்சர், அதற்குப் பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாத சந்து. தூசி, பூச்சி, காய்ந்த சருகு எல்லாம் அந்தச் சந்தில் பாய் விரித்தது போல் அடைந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். தோட்டப் பாதையில் ஓடுகிற வண்டிகளில் நான் கைப்பிடி கைப்பிடியாக எடுத்திருக்கிறேன். என்ஜின் ஆறிய பிறகு, என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த வேகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷரில் நேராக அடித்தால் அந்த மெல்லிய இதழ்கள் மடங்கி, அடைப்பு இன்னும் கூடும்.

வெளியே சுத்தம், ஃபேன் ஓடுகிறது, மூடி புதிது, வால்வு திறக்கிறது, அப்படியும் ஏறுகிறது என்றால்தான் ரேடியேட்டரின் உள்ளடைப்பைச் சந்தேகப்பட வேண்டும். வாட்டர் பம்பின் இறக்கை அரித்துப் போயிருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருக்கிறதா, கீழ் ஹோஸ் வேகமாக முறுக்கும்போது சப்பி ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் அப்போதே மெக்கானிக் பார்த்துவிடுவார். என்ஜின் ஆயில் அளவையும் பாருங்கள். சூட்டை இறக்குவதில் ஆயிலுக்கும் பங்கு உண்டு.

இனி சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் வண்டி மூன்று முறை சூடாகிவிட்டது. அதனால் காரணத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது, சூட்டினால் ஏற்கெனவே கெடுதல் நடந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என்ஜினின் தலைப்பகுதி அலுமினியம். சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவுக்கு மேல் சூடானால் வளைந்துவிடும், அதற்கும் கீழே இருக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கருகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் 10-ல் ஒரு பங்கு வளைந்தாலே போதும், ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஏலக்காய் வியாபாரி ஒருவர் தன் வண்டியை டிராக்டரில் இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல மழை, பன்னிரண்டாவது வளைவிலேயே முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாம். இன்னும் ஐந்து வளைவுதானே, மேட்டுக்குப் போய் டீ குடித்துக்கொண்டே ஆறவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார். பதினைந்தாவது வளைவில் வண்டி தானாக நின்றுவிட்டது. ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, இரண்டு பிஸ்டன் கோடு விழுந்து கிடந்தன. வண்டி 19 நாள் என் பட்டறையில் நின்றது. நான் வேலை முடித்துக் கொடுத்த பில்லைப் பார்த்து அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. வண்டியைப் பிரித்தபோது மூலகாரணமாக நான் கண்டது ஃபேன் ரிலே ஒன்று.

உங்கள் வண்டியில் ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அடையாளங்கள் உண்டு. வெளியே ஒழுகலே இல்லாமல் பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வருவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருவது. சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் இனிப்பான வாடை. ஆயில் குச்சியில் மோர் போல வெளுத்த ஆயில். கடைசியாகச் சொன்னதில் ஒரு எச்சரிக்கை: உங்கள் ஊர்க் குளிரில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டிகளில் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளையாகப் படிவது சகஜம், அது வெறும் ஈரம். குச்சியிலும் வெளுப்பு இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் லீக் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் நீல மருந்து வைத்த குழாயை வைத்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். எரிந்த புகை தண்ணீருக்குள் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

இதெல்லாம் பார்த்து முடிக்கும்முன் வழியில் மறுபடி முள் ஏறினால் என்ன செய்வது? முதலில், முள் அசைந்ததைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். இப்போது வரும் பல கார்களில் முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சூடு பத்து, இருபது டிகிரி ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே நிற்கும். அது நகர்ந்துவிட்டது என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கிறது. அசைந்த உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றை முழு வேகத்திலும் வையுங்கள், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அம்மாவுக்கு வேர்க்கும், ஆனால் என்ஜினிலிருந்து கொஞ்சம் சூடு குறையும். அகலமான இடம் வந்ததும் ஓரங்கட்டுங்கள். வளைவிலேயே நிற்காதீர்கள், மேலிருந்து வரும் லாரிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். நியூட்ரலில் போட்டு ஒரு நிமிடம் மெல்ல முறுக்கிப் பாருங்கள், முள் இறங்கினால் நல்லது.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், அல்லது ஆவி வந்தால், இந்த ஒரு நிமிடமும் வேண்டாம். உடனே என்ஜினை நிறுத்துங்கள். என்ஜின் நின்றதும் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பி வைத்தால் பல வண்டிகளில் ஃபேன் தொடர்ந்து ஓடும். இன்னொரு அபாயம் உண்டு: ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று பொத்தென்று கீழே விழுந்தால், குளிர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய் சென்சார் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

கல் கொடுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், அம்மாவை இறக்கி, வண்டிகள் வராத ஓரத்தில் பாதுகாப்பாக உட்கார வையுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டு, அமுக்கிப் பாருங்கள். கை பொறுக்கும் சூடாக, கெட்டித்தன்மை விட்டு மெத்தென்று இருந்தால்தான் திறக்கலாம். அப்போதும் தடித்த துணியை மடித்துப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் பிடிவரை மட்டும் திருப்பி, இருக்கும் ஆவி போன பிறகு முழுதாகத் திறங்கள். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை உள்ளேயும் ஊற்றக் கூடாது, வெளியேயும் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். வண்டியில் எப்போதும் ஐந்து லிட்டர் கேனில் கலந்த கூலன்ட் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது கொடுத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரியில் பைக்கில் வரும் யாரோ ஒருவரின் உயிர் அது.

ஓட்டும் விதம் பற்றியும் ஒன்று. நம் ஆட்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மூன்றாம் கியரிலேயே திணறத் திணற ஏற்றுகிறார்கள். என்ஜின் திணறும்போது பாரம் முழுவதும் அதன் மேல் விழுகிறது, பம்ப்போ மெதுவாகச் சுற்றுகிறது. திணறல் தெரிந்தவுடன் இரண்டாம் கியருக்கு இறங்குங்கள். சத்தம் கொஞ்சம் கூடும், தண்ணீர் வேகமாகச் சுற்றும், முள் அடங்கும். முன்னால் லாரி ஊர்ந்தால் கிளட்சில் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒட்டாதீர்கள், இடைவெளி விட்டு நின்று ஏறுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வாரமே வாசலில் ஃபேன் சோதனை, அப்புறம் புது மூடி, ரேடியேட்டர் இடுக்கைக் கழுவுவது, வால்வைப் பார்ப்பது, கூலன்டை முழுதாக மாற்றுவது, அதோடு லீக் டெஸ்ட். இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. லீக் டெஸ்டில் மஞ்சள் வந்தால் வண்டியை ஓட்டாமல் அப்படியே பட்டறையில் விட்டுவிடுங்கள்.

அடுத்த மாத மதுரைப் பயணத்துக்கு எது எப்படியிருந்தாலும் வேறு வண்டி பாருங்கள், அல்லது பகலில் பஸ்ஸில் வந்து இறங்குங்கள். அம்மாவை ஏற்றி உங்கள் வண்டியைச் சோதிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் நீங்கள் மட்டும், ஒரு காலை நேரத்தில், போடிக்கு இறங்கி வந்து திரும்ப ஏறுங்கள். கிளம்பும் முன், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, டப்பாவின் அளவுக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாதி வழிவரை ஏசி இல்லாமல், மீதி வழி ஏசியோடு ஏறுங்கள். மறுநாள் காலையில் அந்தக் கோட்டைப் பாருங்கள். அளவு கோட்டிலேயே நின்று, முள்ளும் வழியில் அசையவில்லை என்றால் அதற்கு அடுத்த மாதம் அம்மாவை உங்கள் காரிலேயே கூட்டிப் போகலாம். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எவ்வளவு இறங்கியது, எந்த வளைவில் முள் அசைந்தது, அப்போது ஃபேன் ஓடியதா என்று மூன்றையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.